முறை பார்க்கும் கம்ப்யூட்டர்

கோயம்புத்தூரில் எனக்கு வேலை உறுதியான அதே வாரம் பெரியப்பா வீட்டில் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. தேனியிலிருந்து மினி வேனில், வைக்கோல் பரப்பி அதன்மேல் மானிட்டரை வைத்து, தானும் பின்னாலேயே உட்கார்ந்து அதைப் பிடித்துக்கொண்டு வந்தார். தெருவே கூடி நின்று பார்த்தது. "யாருக்குண்ணே?" என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டதற்கு, "நம்ம சாமிக்கு" என்றார்.

எங்கள் குலதெய்வக் கோயிலுக்குத் தை மாதம் கும்பாபிஷேகம். பெரியப்பாதான் கோயில் நிர்வாகம். பக்கத்து ஊர் வகையறா ஒன்று தங்கள் கோயில் சுவரில் வம்சப் படம் வரைந்து வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை. அவர்கள் பெயிண்டரை வைத்து வரைந்தார்கள். நாம் கம்ப்யூட்டரில் போட்டு, கோயில் நீளத்துக்குப் பேனர் அடித்துக் கட்டவேண்டும் என்பது அவருடைய முடிவு. அதைச் செய்ய எங்கள் வகையறாவில் நான் ஒருத்திதான் இருந்தேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய் முடித்த முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் வரும். அம்மாவுக்கு அதுவும் இல்லை. மூன்று வருடம் தினமும் பஸ் ஏறிப் போய்க் கம்ப்யூட்டர் படித்து, நல்ல மார்க்கும் வாங்கினேன். எனக்குத் தலைக்கனம் என்று ஊரில் சொல்வார்கள். இருந்தது. அதை மறைக்கவேண்டும் என்று எனக்கு அப்போதும் தோன்றவில்லை.

"ஆத்தா, இத மட்டும் முடிச்சுக் குடுத்துரு. பெறகு கோயம்புத்தூரு போ, மெட்ராசு போ, எங்கன வேணாலும் போ" என்றார் பெரியப்பா. அப்பா பக்கத்தில் நின்று தலையாட்டினார். அண்ணன் சொல்லி அப்பா தலையாட்டாத விஷயம் எதுவும் எனக்கு நினைவில்லை. வேலையில் சேர ஒரு மாதத்துக்குமேல் இருந்தது. பத்து நாளில் முடித்துவிடலாம் என்று நானும் தலையாட்டினேன்.

வெங்காய மூட்டை அடுக்கும் அறையில் கம்ப்யூட்டரை வைத்தார்கள். ஒரே ஜன்னல், அதைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். கம்ப்யூட்டர் பத்திரிகை ஒன்றோடு இலவசமாக வந்த சிடியில் வம்சாவளி போடும் சாஃப்ட்வேர் கிடைத்தது. வெள்ளைக்காரர்கள் தங்கள் பாட்டன் பூட்டனைத் தேடுவதற்காகச் செய்தது. ஒரு ஆளை ஏற்றினால் அவருக்கு மேலே அப்பா அம்மா, பக்கத்தில் மனைவி, கீழே பிள்ளைகள் என்று பெட்டி பெட்டியாக விரியும்.

சனம் வர ஆரம்பித்தது. ஓடைப்பட்டியிலிருந்து, வடுகபட்டியிலிருந்து, எங்கெல்லாம் பங்காளிகள் தோட்டம் வாங்கிக் குடியேறினார்களோ அங்கிருந்தெல்லாம் வந்தார்கள். ஆண்கள் வந்தால் பாட்டன் பெயர்வரை சொல்வார்கள், பொண்டாட்டியின் அம்மா பெயர் தெரியாது. பெண்கள் வந்தால் எல்லாம் தெரியும், புருஷன் பெயரை மட்டும் சொல்லமாட்டார்கள்.

"ஒங்க வீட்டுக்காரர் பேரச் சொல்லுங்க சித்தி."

"நம்ம சாமி பேருதான்."

"நம்ம சாமி பேருல ஒரு ஊரே இருக்கு சித்தி. பெரியசாமியா, சின்னதா, நடுவுலதா?"

"போடி கழுத. ஒங்கப்பன் கூட மொச்சை யாவாரம் பாத்தாகல்ல, அவுக."

அந்த சாஃப்ட்வேரில் மாற்றுப்பெயருக்கு என்று ஒரு கட்டம் இருக்கிறது. வெள்ளைக்காரப் பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகு பெயர் மாற்றிக்கொள்வதற்காக வைத்தது போலிருக்கிறது. நான் அதில் "மொச்சை யாவாரி" என்று ஏற்றினேன். உண்மையில் எனக்கு வேறு வழியும் இல்லை. எங்கள் வகையறாவில் வீட்டுக்கு வீடு மூத்தவனுக்குச் சாமி பெயர்தான். பெண்ணுக்கு அம்மன் பெயர். பட்டப்பெயர் இல்லாவிட்டால் யாரையும் பிரித்துப் பார்க்க முடியாது. பிறந்த வருடம் கேட்டால், பெரிய வெள்ளம் வந்த வருஷம் என்பார்கள், கரும்பு தீப்பிடித்த வருஷம் என்பார்கள். அந்தக் கட்டங்களை எல்லாம் காலியாக விட்டேன்.

முதலில் அச்செடுத்துக் காட்டியபோது பெரியப்பா முகம் செத்துவிட்டது. அவர் பெயர் இல்லை, என் அப்பா பெயர் இல்லை, வாசலில் நிற்கும் ஒருத்தர் பெயரும் இல்லை. செத்தவர்கள் மட்டும் பெயரோடு இருந்தார்கள். மற்ற எல்லாப் பெட்டியிலும் ஆங்கிலத்தில் ஒரே சொல், உயிரோடிருப்பவர் என்று.

"ஏத்தா, உசுரோட இருக்குறவன் பேரு வரணும்னா சாகணுமா?"

உயிரோடு இருப்பவர்களின் விவரம் வெளியே போகாமல் மறைக்கும் வசதி அது. ஒரு டிக்கை எடுத்தால் போதும். எடுத்ததும் எல்லோரும் பெயரோடு வந்தார்கள். பெரியப்பா தன் பெட்டியைத் தடவிப் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் தாளை மடித்து வைத்துக்கொண்டார்.

என் கெட்ட காலம், நான் அந்த சாஃப்ட்வேரை நோண்ட ஆரம்பித்தேன். இரண்டு பெயரைத் தேர்ந்தெடுத்தால் இருவருக்கும் என்ன உறவு என்று சொல்லும் வசதி ஒன்று இருந்தது. கேட்டால் 'கசின்' என்றது. யாரைக் கேட்டாலும் கசின்தான். மாமன் மகனும் கசின், சித்தப்பா மகனும் கசின். எங்கள் பக்கம் ஒருவனைக் கட்டலாம், இன்னொருவனைக் கட்ட நினைத்தாலே செருப்படி விழும். ஆனால் அந்தச் சொல்லுக்குக் கீழே, யாரும் கவனிக்காத மாதிரி, சின்னதாக ஒரு பொத்தான். அதை அழுத்தினால் இவரிலிருந்து அவருக்குப் போகும் வழி படிப்படியாக விரியும். இவருக்கு அப்பா, அவருக்கு அக்கா, அந்த அக்காவுக்கு மகன் என்று. அதை வைத்து முறை சொல்வது எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் முடியும். மறுபடி அழுத்தினால், வேறு வழியாகவும் உறவிருந்தால் அதுவும் வரும்.

பெருமை தாங்காமல் நாலு பேருக்குச் செய்து காட்டினேன். அதோடு தொலைந்தேன்.

கும்பாபிஷேகப் படத்துக்கென்று வந்தவர்கள் போய், முறை பார்க்கவென்று வர ஆரம்பித்தார்கள். "எம் மகனுக்கு ஓடைப்பட்டியில ஒரு பொண்ணு சொல்றாக, என்ன முறைன்னு பாத்துச் சொல்லு." பார்க்கவேண்டுமானால் அந்தப் பெண்ணின் வீட்டாரை ஏற்றவேண்டும். ஏற்றினால் அவர்களுக்கு ஒரு சொந்தம், அந்தச் சொந்தத்துக்கு ஒரு சம்பந்தம். படம் முடிவதற்குப் பதிலாக நீண்டுகொண்டே போனது. நான் எழுந்து வாசலுக்குப் போனால் பெரியம்மா, "ஏடி, வடுகபட்டிக்காரக காத்துக்கிருக்காக" என்று கூப்பிடுவார். காபி அறைக்கே வரும். கரண்ட் போனால் இருட்டில் உட்கார்ந்திருப்பேன். வந்தவர்களும் கூடவே உட்கார்ந்திருப்பார்கள், நான் எழுந்து போய்விடாமல் காவல் காப்பது போல.

ஒருவர் விடாமல் கேட்பார்கள். "ஊருக்கெல்லாம் முறை சொல்றயே, ஒனக்கு எவன்டி முறை?"

கோயம்புத்தூர் கம்பெனியிலிருந்து வீட்டு போனுக்கு ஒருமுறை கூப்பிட்டார்கள். வருகிறீர்கள்தானே என்று ஒரு பெண் கேட்டாள். வருகிறேன் என்றேன். அப்பா அருகில் நின்று மாட்டுக்குக் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஒவ்வொரு ஊர்க்காரரும் தனித்தனியாகத் தங்கள் பாட்டன்மாரைச் சொன்னதால் ஒரே ஆள் இரண்டு மூன்று தடவை ஏறியிருந்தார். அதைச் சரிசெய்யவும் ஒரு வசதி இருந்தது. பெயரும் மனைவி பெயரும் ஒத்துப்போகிறவர்களைத் தேடிப் பிடித்து ஒன்றாக்கிவிடும். ஒவ்வொன்றாக நம்மிடம் கேட்கும்படியும் வைக்கலாம், கேட்காமல் அதுவே செய்யும்படியும் வைக்கலாம். எனக்கு வேலையில் சேரும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அதுவே செய்யட்டும் என்று விட்டேன். ஒரு சொடுக்கில் படம் கச்சிதமாக ஆனது. அன்று மாலை முதல்முறையாக வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குப் போனேன்.

வீட்டில் அம்மா பித்தளைப் பாத்திரங்களைப் புளிபோட்டு விளக்கிக்கொண்டிருந்தார். தேவாரம் ஊரிலிருந்து நாளை என்னைப் பெண் பார்க்க ஆட்கள் வருகிறார்கள் என்றார். பையனுக்கு ஏலக்காய் வியாபாரம், மலைமேல் தோட்டமும் இருக்கிறதாம்.

"வேலைக்குப் போறேன்னு சொன்னீகளா?"

"அதெல்லாம் அவுக பாத்துக்குவாக" என்றார் அம்மா, குடத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

மறுநாள் வந்தவர்கள் என் வீட்டுக்கு வரவில்லை. நேராகப் பெரியப்பா வீட்டுக்கு, வெங்காய அறைக்கே வந்தார்கள். பையனின் அம்மா, தாய்மாமா, இன்னும் இரண்டு பெண்கள். கம்ப்யூட்டர் முன்னால் சேலை கட்டி உட்கார்ந்திருக்கும் என்னைப் பார்க்க அவர்களுக்கு ஆசை. பையனின் அம்மா சிரித்த முகமாக இருந்தார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது, அதுதான் பயமாக இருந்தது.

"வேலையெல்லாம் எதுக்கும்மா? எங்க வீட்லயே கம்ப்யூட்டரு வாங்கிப் போட்ருவோம். உக்காந்த எடத்துலயே பாரு" என்றார்.

உட்கார்ந்த இடத்திலேயே. இன்னொரு அறையும் இன்னொரு ஜன்னலும் எனக்குத் தெரிந்தன. ஏலக்காய் மூட்டை வாசத்தோடு.

பையனின் அப்பாவைப் பெற்ற அம்மா எங்கள் வகையறாவில் பிறந்தவராம், ஓடைப்பட்டிக் கிளையில். பிள்ளை கைக்குழந்தையாக இருக்கும்போதே அவர் செத்துப்போனதால் போக்குவரத்து விட்டுப்போய்விட்டது. முறை இருக்கிறது என்பது தெரியும், என்ன முறை என்பது யாருக்கும் தெரியாது. அந்த அம்மா என் அப்பாவுக்கு அத்தை என்றால் அவர் மகன் எனக்கு மாமன், பையன் மாமன் மகன். கட்டிக்கலாம். அந்த அம்மா எனக்கே அத்தை என்றால் அவர் மகன் எனக்கு அத்தை மகன் ஆகிவிடுவார், பையன் எனக்கு மகன் முறை.

"நீயே பாத்துச் சொல்லு தாயி" என்றார் தாய்மாமா. பெண்கள் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு நானே முறை பார்க்கவேண்டும், அதைக் கேட்டு எல்லோரும் வெற்றிலை மாற்றவேண்டும். அப்பாவையும் சேர்த்துக் கூட்டம் கதவுவரை நின்றது. மூச்சுவிட இடமில்லை.

என் பெயரைத் தேர்ந்தெடுத்தேன். பையனின் பெயரை ஏற்றி, அவன் அப்பா, அவருடைய அம்மா என்று மேலே கோர்த்துத் தேர்ந்தெடுத்தேன். கசின் என்றது. சின்னப் பொத்தானை அழுத்தினேன். வழி விரிந்தது. கடைசிவரை ஒருதடவை படித்தேன். மறுபடி படித்தேன்.

"அந்த அம்மா எனக்கு அத்தை முறை பெரியப்பா. அப்பாவுக்கு அக்கா முறை."

"அப்ப?"

"இவுக மகன் எனக்கு மகன் முறை வருது."

பையனின் அம்மாதான் முதலில் சிரித்தார். "அடிப் பாவி! மீசை வச்ச மகனாடி ஒனக்கு! நான் பெத்து, நீ சித்தியா?" அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். எவ்வளவு சிரித்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. பெரியப்பா மானிட்டரை முறைத்துவிட்டு, "கம்ப்யூட்டரு பொய்யா சொல்லும்?" என்று பெருமூச்சு விட்டார். காபி குடித்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த சில நாட்கள் கையில் றெக்கை கட்டியது போல வேலை செய்தேன். வகையறா முழுக்க ஏறிவிட்டது. பேனர் அடிக்கும் கடைக்கு அனுப்பவேண்டியதுதான் பாக்கி. வெள்ளிக்கிழமை. திங்களன்று காலை நான் கோயம்புத்தூரில் இருக்கவேண்டும்.

அனுப்புவதற்கு முன்னால் குறை ஒன்றும் இல்லை என்று பார்த்துக்கொள்ள ஆசைப்பட்டேன். அந்த சாஃப்ட்வேரில் சந்தேகமானவற்றை எடுத்துக்காட்டும் வசதி இருக்கிறது. அம்மாவைவிட வயது கூடின பிள்ளை, இரண்டு தடவை செத்த ஆள், இப்படி. நான் அதுவரை அதைத் திறந்ததே இல்லை, வருடங்களே இல்லாதபோது அது என்ன சொல்லிவிடப் போகிறது. ஆனால் முந்தின நாள்தான் ஓடைப்பட்டியிலிருந்து ஒரு படித்த பங்காளி வந்து தங்கள் கிளைக்கு மட்டும் தெரிந்த வருடங்களைச் சொல்லி ஏற்றச் சொல்லியிருந்தார். திறந்தேன். ஒரே ஒரு வரி. மகள் பிறந்தபோது தகப்பனுக்கு வயது நான்கு.

மகள், தேவாரத்தில் கட்டிக்கொடுத்த அந்த அம்மா, பையனின் அப்பாவைப் பெற்றவர்.

தகப்பன் பெட்டியைத் திறந்து குறிப்பைப் பார்த்தேன். இருவர் ஒன்றாக்கப்பட்டார்கள் என்று அடியில் எழுதியிருந்தது, அதுவே எழுதி வைத்தது. ஒருவர் சித்தப்பன், மற்றவர் அவருடைய அண்ணன் மகன். இரண்டு பேருக்கும் சாமி பெயர், இரண்டு பேர் மனைவிக்கும் அம்மன் பெயர். பிறந்த வருடம் அப்போது காலி. ஒரே ஆள் என்று சாஃப்ட்வேர் நினைத்ததில் தப்பில்லை. எந்த நாட்டில் இப்படி ஒரே பெயரை வைப்பார்கள்? அந்த அம்மா அண்ணன் மகனுக்கு அல்ல, சித்தப்பனுக்கு மகள். ஒரு தலைமுறை மேலே. என் அப்பாவுக்கு அத்தை. பையன் எனக்கு மாமன் மகன், எந்தச் சந்தேகமும் இல்லாத முறை மாப்பிள்ளை.

அறைக்கு வெளியே பெரியம்மா வெங்காயம் புடைக்கும் சத்தம் கேட்டது. யாருக்கும் தெரியாது. தெரியவும் போவதில்லை. அந்தச் சின்னப் பொத்தானை எங்கள் வகையறாவில் என்னைத் தவிர யாரும் அழுத்தப்போவதில்லை. பேனரில் அத்தனை பெட்டிக்கு நடுவில் ஒரு கோடு கீழே இறங்கியிருப்பதை யார் கண்டுபிடிப்பார்? திங்கட்கிழமை என்னை விட்டு மூன்று நாள் தூரத்தில்கூட இல்லை.

கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தப் படத்தை நான் செய்தேன் என்று கோயில் முழுக்கச் சொல்லப்போகிறார்கள். அதில் ஒரு மனுஷன் காணாமல் போயிருக்கிறார், செத்துப்போன ஒரு பெண் வேறு யாருக்கோ மகளாக நிற்கிறாள். எனக்குத் தெரிந்தே தப்பான ஒன்றை என் கையால் நான் கொடுத்ததில்லை. அது நல்ல மனசு இல்லை, தலைக்கனம்தான். இன்னொன்றும் தோன்றியது. இந்தத் தடவை ஒரு தவறு வந்து என்னைக் காப்பாற்றியது. அடுத்து வரும் மாப்பிள்ளை நேரான முறையில் வருவான். அன்றைக்கு எந்தப் பொத்தானை அழுத்துவேன்?

ஒன்றான இருவரைப் பிரித்தேன். கோடு ஒரு படி மேலே போய் ஒட்டிக்கொண்டது.

பெரியப்பாவிடம் சொன்னபோது அப்பாவும் அங்கே இருந்தார், அம்மா உள்ளே பெரியம்மாவோடு இருந்தார். முழுவதும் கேட்டு முடிக்குமுன்பே பெரியப்பா எழுந்துவிட்டார்.

"அப்ப முறை வருதுன்ற!"

"வருது பெரியப்பா."

போனை எடுத்துத் தேவாரத்து எண்ணை ஒருவிரலால் அழுத்த ஆரம்பித்தார்.

"எனக்கு வேணாம் பெரியப்பா."

விரல் நின்றது. "என்னது?"

"எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம். நான் திங்கக்கெழம வேலையில சேரணும்."

"பையனுக்கு என்ன கொறை?"

"கொறை ஒண்ணுமில்ல. நான்தான் போகணும்."

அவர் என்னையே பார்த்தார். முகம் மெல்ல மாறியது. "அப்ப அன்னைக்கு நீயே வேணும்னு மாத்தி வச்சயா? எங்களையெல்லாம் உக்கார வச்சுக் கூத்து காட்டுனயா?"

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. அழுதால் ஆமென்று ஆகிவிடும். "மாத்தி வச்சிருந்தா இன்னைக்கு நானா வந்து சொல்லுவனா பெரியப்பா?" என்றேன். குரல் நான் நினைத்ததைவிட உரக்க வந்தது. அம்மா கதவோரம் வந்து நின்று, "ஏடி, மெதுவாப் பேசு" என்றார்.

"இம்புட்டுப் படிக்க வச்சதுக்கு இதான்" என்று பெரியப்பா மறுபடி போனை எடுத்தார்.

"அண்ணே, போன வையி" என்றார் அப்பா.

சத்தமாகச் சொல்லவில்லை. மாட்டை ஒதுக்கச் சொல்வதுபோலச் சொன்னார். பெரியப்பா திரும்பினார்.

"முறை இல்லன்னதும் இவ சிரிச்சா பாரு, நீ கவனிக்கல. நான் கவனிச்சேன்" என்றார் அப்பா. "எட்டூருக்குக் கேட்டிருக்கும். அப்பவே எனக்குத் தெரியும். சரி, முறையே இல்லையே, நம்ம எதுக்கு வாயத் தெறக்கணும்னு விட்டேன்."

"தேவாரத்துக்காரகட்ட என்ன சொல்ல? முறை வருது, பொண்ணு வர மாட்டாளாம்னா?"

"ஒண்ணும் சொல்ல வேணாம். மகன் முறைன்னு சிரிச்சுக்கிட்டே போனாக. அப்பிடியே இருக்கட்டும்."

"படத்துல கோடு மாறியிருக்கே, யாராச்சும் பாத்தா?"

"பாக்கட்டும்" என்றார் அப்பா.

பெரியப்பா போனை வைத்தார். வெளியே போகும்போது, "அப்ப இனிமே இந்தக் கம்ப்யூட்டர யாரு பாக்குறது?" என்று கேட்டார். கோபமாகத்தான் கேட்டார், ஆனால் அதில் பாதி நிஜமான கேள்வி. படத்தைச் சிடியில் ஏற்றி மேசைமேல் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தேனி பஸ் ஸ்டாண்டில் அப்பா என்னை ஏற்றிவிட்டார். அம்மா வரவில்லை, முறுக்கு மட்டும் கொடுத்தனுப்பியிருந்தார். அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றார். பூக்காரி வந்து போனாள், டிரைவர் ஏறினார், கம்பியை விடவில்லை.

"ஒங்க பெரியப்பா சும்மா இருக்க மாட்டாரு. பொங்கலுக்கு நீ வாரப்ப இன்னொருத்தனப் பாத்து வச்சிருப்பாரு" என்றார்.

"தெரியும்ப்பா."

"அன்னைக்கும் நான் அண்ணன்ட்ட பேசுவேன்னு நெனைக்காத. எனக்குத் தெம்பு இருந்தது ஒரு தடவைக்குத்தான்."

"சரிப்பா."

"என்ன சொல்லுவ?"

"இதையேதான் சொல்லுவேன்."

பஸ் நகர்ந்தது. இரண்டு மூன்று எட்டு அவரும் கூடவே நடந்தார். பிறகு கையை எடுத்துக்கொண்டார்.